களத்தில் ஓர் இடம்

மதுரை கே.கே. நகரை அடுத்துள்ள ரேஸ்கோர்ஸ் விளையாட்டரங்கில் ஆண்களும் பெண்களும் ஒரே ஓடுபாதையில்தான் பயிற்சி செய்கின்றனர். போட்டி என்று வந்தவுடன் அணிகள் இரண்டாகப் பிரிகின்றன. உடல்வலிமையும் வேகமும் வெற்றியைத் தீர்மானிக்கும் ஆட்டங்களில் இப்பிரிவு பெண்களுக்குப் பாதுகாப்பே. எல்லார்க்கும் ஓரணி என்றால் பெண்கள் பலர் இடமிழப்பர். ஆயினும், ஒரு கல்லூரியில் ஓர் ஆட்டத்திற்கு ஆண்கள் அணி மட்டுமே இருக்க, அதனை ஆட விரும்பும் மாணவி வந்து நின்றால் என்ன செய்வது?

இவ்வினாவை நீதிமன்றம்வரை கொண்டு சென்றவர் ஹெதர் சூ மெர்சர். அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழக மாணவியான இவர், பள்ளி நாள்களிலேயே அமெரிக்கக் கால்பந்து ஆடியவர். பந்தைக் குறுக்குக் கம்பத்திற்கு மேலாக உதைத்துப் புள்ளி சேர்ப்பது இவரது பணி. 1995இல் பல்கலைக்கழக அணியினர் தமக்குள் இரு பிரிவாக ஆடிய ஆட்டத்தில் வெற்றியைத் தந்தது இவரது உதையே. அணியில் இவருக்கு இடம் உண்டு எனப் பயிற்றுநர் அறிவித்தார். அதன்பின் நடந்ததுதான் கவனிக்கத்தக்கது. கோடைப் பயிற்சி முகாமுக்கு அழைப்பில்லை. ஆட்ட நாளில் சீருடை அணிந்து நிற்கவும் வாய்ப்பில்லை. 1996இல் அணியிலிருந்தே நீக்கப்பட்டார்.

கல்வி நிறுவனங்களில் பால் வேறுபாடு காட்டுவதைத் தடுக்கும் 1972ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் மெர்சர் வழக்குத் தொடுத்தார். வீரர்கள் உடலோடு உடல் மோதும் ஆட்டங்களில், ஆண்கள் அணித் தேர்வுக்குப் பெண்களை அனுமதித்தே தீரவேண்டும் என்று அச்சட்ட விதிகள் கட்டாயப்படுத்துவதில்லை. பல்கலைக்கழகம் அதனையே அரணாகக் கொண்டது. ஆனால், தேர்வுக்கு அனுமதித்துவிட்ட பிறகு பெண் என்பதற்காக வேறுபாடு காட்டுதல் கூடாது என்று 1999இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. மறு ஆண்டு, நடுவர் குழு இழப்பீடாக 1 டாலரும் தண்டத்தொகையாக 20 இலட்சம் டாலரும் விதித்தது. இழப்பீடு ஒற்றை டாலர் என்பது வியப்பளிக்கலாம்! தண்டத்தொகையும் 2002இல் நீக்கப்பட்டது. பணம் போயினும் சட்ட விளக்கம் நின்றது.

பெண்ணுக்கென்றே அணியில் இடம் வகுத்த போட்டியும் உண்டு. ஆடவர் இருவரும் மகளிர் இருவரும் ஓடும் 4 × 400 மீட்டர் கலப்புத் தொடர் ஓட்டம், டோக்கியோ ஒலிம்பிக்கில்தான் முதன்முதலாகச் சேர்க்கப்பட்டது. இந்திய அணியில் இடம்பெற்றவர்களுள் ஒருவர் மதுரையை அடுத்த சக்கிமங்கலத்தைச் சேர்ந்த வீ. ரேவதி. பெற்றோரை இழந்து, கூலி வேலை செய்த பாட்டியால் வளர்க்கப்பட்டவர். தொடக்கத்தில் வெறுங்காலோடு ஓடியவர். ரேஸ்கோர்ஸ் அரங்கில் பயிற்சி பெற்று, டோக் பெருமாட்டி கல்லூரியில் பயின்றார். 2021 ஜூலை 30 அன்று முகமது அனஸ், சுபா வெங்கடேசன், ஆரோக்கிய ராஜீவ் ஆகியோருடன் ரேவதியும் ஓடினார். நால்வரும் எடுத்துக்கொண்ட நேரம் 3 நிமிடம் 19.93 விநாடி. இறுதிச் சுற்றுக்கு அது போதவில்லை. அக்குறை நால்வருக்கும் பொதுவாக இருந்தது.