நள்ளிரவில் அலறும் பிள்ளை



சில மாதங்களுக்கு முன் ஓர் இரவு 11 மணிக்கு ஒரு தகப்பனார் அறைவீட்டுக் கதவைத் தட்டினார். "சுவாமி, பையனைப் பசாசு பிடித்துவிட்டது, உடனே வாருங்கள்" என்றார். நான் போய்ச் சேர்ந்தபோது அந்த 5 வயதுச் சிறுவன் அயர்ந்து உறங்கிக்கொண்டிருந்தான். "தீர்த்தம் வருகிறதென்று அறிந்து ஓடிவிட்டது" என்றார்கள் அண்டை வீட்டார். அந்தப் புகழ் எனக்கு வேண்டாம். அது தானாகவே அடங்குகிற ஒன்று.

இதற்கு உறக்கத் திகில் என்று பெயர். படுத்து 1 முதல் 3 மணி நேரத்துக்குள், ஆழ்ந்த உறக்கத்திலிருந்து மூளையின் ஒரு பகுதி மாத்திரம் விழித்துக்கொள்ள, மற்றது உறங்கிக்கொண்டே இருக்கிறது. ஆகையால் பிள்ளை கண் திறந்து அலறும், வியர்க்கும், பெற்ற தாயையும் அறியாது. சில நிமிடங்களில் அடங்கும். காலையில் ஒன்றும் நினைவிராது. கெட்ட கனவு வேறு: அது பெரும்பாலும் விடியற்புறத்தில் வரும், பிள்ளை விழித்து, கண்டதைச் சொல்லும்.

உறக்கக் குறைவு, காய்ச்சல், மனக்கலக்கம் ஆகியவை இதைத் தூண்டும். பெற்றோருக்குச் சிறுவயதில் தூக்கத்தில் நடக்கும் வழக்கம் இருந்திருந்தால் பிள்ளைக்கும் இது வரக்கூடும். வளர வளரப் பெரும்பாலும் நின்றுவிடும்.

அந்நேரத்தில் செய்யவேண்டியது யாது? உலுக்காதீர்கள், முகத்தில் தண்ணீர் அடிக்காதீர்கள். விழுந்து அடிபடாதபடி அருகிலிருந்து காத்துக்கொள்ளுங்கள். தினமும் நேரத்தோடு படுக்க வையுங்கள். 3 முதல் 5 வயதுப் பிள்ளைக்குப் பகல் தூக்கத்தையும் சேர்த்து 10 முதல் 13 மணி நேர உறக்கம் வேண்டும். நாள்தோறும் ஒரே வேளையில் திகில் வருமானால், அதற்குக் கால்மணி முன்பு மெல்ல எழுப்பி, சற்றுப் பொறுத்து உறங்க வையுங்கள். சில வாரம் இப்படிச் செய்தால் பலருக்குக் குணம் தெரியும்.

கைகால் வெட்டி இழுத்தாலும், பலத்த குறட்டை இருந்தாலும், அடிக்கடி வந்து பகலிலும் பிள்ளை சோர்ந்திருந்தாலும் வைத்தியரிடம் காட்டத் தாமதிக்க வேண்டாம். தாயத்தும் மந்திரிப்பும் இதற்கு மருந்தல்ல.

இன்னொன்று. இரவில் நடந்ததைப் பிள்ளையின் காதுபடப் பேசாதீர்கள். அந்தச் சிறுவன் மறுநாள் என் அங்கியைப் பிடித்துக்கொண்டு, "சாமி, எனக்குள்ளே பசாசு இருக்கா?" என்று கேட்டான். அலறியது அவனுக்கு நினைவில்லை; பெரியவர்கள் பேசியதே அவன் மனத்தில் தங்கியிருந்தது. "இல்லையப்பா, நீ நல்ல பிள்ளை, சீக்கிரம் படுத்துத் தூங்கு" என்றேன். உங்கள் வீட்டிலும் அவ்வளவு சொன்னால் போதும்.

உங்கள் பங்குச் சுவாமி