வெகுளியும் வாசிப்பும்

திருக்குறளிலே வெகுளாமை என்னும் 31-ஆம் அதிகாரம் துறவறவியலில் வைக்கப்பட்டிருத்தலால், சினத்தை அடக்குதல் துறவிகட்கே உரிய நோன்பென்றும், சந்தையிலும் தெருவிலும் நின்று பிழைப்போர்க்கு அஃது இயலாதென்றும் மாணாக்கர் சிலர் எண்ணிவிடுகின்றனர். இல்லறவியலில் 16-ஆம் அதிகாரமாகப் பொறையுடைமை இருத்தலை அவர்க்கு முன்னர்க் காட்டுதல் வேண்டும். யாம் ஈண்டு ஆராயப் புகுந்தது தனியொருவன் உள்ளத்துச் சினமன்று. ஒருவன் சினம் ஊரின் சினமாய் மாறும் வகையேயாம். உபாத்தியாயர் இதனை அறிதல் இன்றியமையாதது. என்னை? ஊர்ச்சினத்தில் முன்னிற்போருட் பலர் நேற்றுவரை நம் வகுப்புக்களில் இருந்த இளைஞரே ஆதலின்.

இலங்கையில் அண்மைக்காலத்து நிகழ்ந்த கலகங்களின் தோற்றுவாயை நோக்குவோம். 2014 யூன் மாதம் அளுத்கமையில் கடைகளும் வீடுகளும் எரிவதற்குமுன் நிகழ்ந்தது, பிக்கு ஒருவரின் வாகனச் சாரதிக்கும் முஸ்லிம் இளைஞர் சிலர்க்கும் இடையே தெருவில் எழுந்த வாக்குவாதம். 2018-இல் கண்டி மாவட்டத்துத் தெல்தெனியாவில் வீதிப் பிணக்கொன்றிலே லொறிச் சாரதி ஒருவரை இளைஞர் சிலர் தாக்க, அவர் சில நாட்களின் பின் மருத்துவமனையில் இறந்தார்; அதன்பின் திகனையிலும் அயலூர்களிலும் தீ மூண்டது. இத்தகைய பிணக்குக்கள் நம் பட்டினங்களில் நாள்தோறும் எழுந்து, வசைமொழியோடு அடங்கிவிடுவன. இவை அடங்காமைக்குக் காரணம், விறகு முன்னரே அடுக்கப்பட்டிருந்தமையாம். அளுத்கமையில் பொதுபல சேனாவின் கூட்டத்தின் பின்னரே தீ எழுந்தது.

இது புதிதன்று. 1915 மே மாத இறுதியில், வெசாக் ஊர்வலம் பள்ளிவாசலைக் கடந்து செல்லுதல் பற்றிக் கண்டியில் மூண்ட கலகம், சில நாட்களில் எமது வடமேல் மாகாணம் உட்படப் பல மாகாணங்களிற் பரவிற்று. அக்கலகத்தை அடக்கப் புகுந்த அரசினரின் மிகைச்செயல்களைச் சட்டசபையிற் கண்டித்த சேர் பொன்னம்பலம் இராமநாதன் அவர்கள், 1916-இல் அதுபற்றி ஒரு நூலும் வெளியிட்டனர். அன்று வதந்தி புகைவண்டியேறிச் சென்றது. இன்று அதற்கு அவ்வளவு நேரமும் வேண்டுவதில்லை.

எமது கரையோரத்துச் சிலாபத்தில் நிகழ்ந்ததோ ஆசிரியர் தனித்து ஆராயத்தக்கது. 2019 ஏப்பிரல் 21, உயிர்த்த ஞாயிறன்று, தீவிரவாதக் குழுவொன்றைச் சேர்ந்தோர் தேவாலயங்களிலும் விடுதிகளிலும் குண்டு வெடிப்பித்து 250-க்கு மேற்பட்டோரைக் கொன்றனர். நீர்கொழும்புக் கட்டுவாப்பிட்டித் தேவாலயத்தில் மாத்திரம் நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். நீர்கொழும்பு, சிலாபத்திற்குத் தெற்கே அதே கடற்கரைவழியில் உள்ள ஊர். சரியாக மூன்று கிழமை கழிந்து, மே 12-ஆம் நாள், சிலாபத்துக் கடைக்காரராகிய முஸ்லிம் ஒருவர் முகநூலிலே சிங்களக் குறிப்பொன்றுக்கு எழுதிய மறுமொழி வெளிப்பட்டது. மிகையாய்ச் சிரியாதே, ஒருநாள் அழுவாய் என்னும் பொருள்பட அவர் ஆங்கிலத்தில் எழுதிய ஒரு வரியே அது. இன்னுமொரு தாக்குதலுக்கு அஃது அறிகுறியென்று பலர் கொண்டனர். கூட்டம் திரண்டது, அவர் கடையும் பள்ளிவாசல்களும் கல்லெறியுண்டன. எழுதியவர் கைதானார், ஊரடங்கு விதிக்கப்பட்டது. மறுநாள் குருநாகல் மாவட்டத்து ஊர்களிலும் மினுவாங்கொடையிலும் கடைகள் எரிந்தன. எமது மாவட்டத்துக் கொட்டராமுல்லையில் முஸ்லிம் ஒருவர் கூரிய ஆயுதங்களால் தாக்குண்டு உயிரிழந்தார்.

அவ்வரியை இலக்கண ஆசிரியர் கண்கொண்டு நோக்குமின். அழுவாய் என்பது முன்னிலை ஒருமை எதிர்கால வினைமுற்று. அச்சொல் வெளிப்படையாகத் தருவது அவ்வளவே. அது பிள்ளைக்குத் தாய் சொல்லும் எச்சரிக்கையோ, நொந்தவன் இடும் சாபமோ, பகைவன் விடுக்கும் பயமுறுத்தலோ என்பது குறிப்பால் அறியற்பாலது. சொல்வோன், கேட்போன், இடம், காலம் என்பன தெரியாவிடத்துக் குறிப்பும் புலப்படாது. மறுமொழி மாத்திரம் கைக்குக் கை மாறுங்கால், முதன்மொழி மறைந்துபோம். யாம் மிசன் பாடசாலையிற் பயின்ற காலத்தில், ஆங்கில எதிர்காலத்து முன்னிலையில் ‘ஷால்’ வரின் சொல்வோனது துணிபு அல்லது பயமுறுத்தல், ‘வில்’ வரின் வெறும் எதிர்காலம் என்று மனனஞ் செய்வித்தனர். சிலாபத்து வரியில் இருந்தது ‘வில்’. கல்லேந்தி நின்றோர்க்கு அவ்விதி என் செய்யும்!

வாசிக்கத் தெரியாமை ஒன்றே கலகத்திற்குக் காரணமென்று யாம் கூறுகின்றிலேம். கடையைக் கொள்ளையிட வந்தவன் எவ்வரியையும் வாசித்து வந்தவனல்லன். ஆயினும் அவனுக்குப் பின்னே நின்று, கூட்டத்தைக் கூட்டமாக்கினோர் பலர் உண்மையாகவே அஞ்சியவர்கள். அவ்வச்சத்தைத் தணித்தல் இயலும்.

சிலாபத்தை அடுத்த முன்னேசுவரத்தில், தமக்குத் தீங்கு செய்தோரைத் தண்டிக்குமாறு காளியிடம் தேங்காயுடைத்து முறையிடுவோர், சிங்களவர் உட்படப் பலர், வருதலை இப்பகுதியார் அறிவர். மானிடவியலறிஞர் கணநாத் ஒபேயசேகர 1975-இல் வெளியிட்ட ஆராய்ச்சியில் இதனையும் எடுத்துக்கொண்டு, வன்செயலாய் முடியற்பாலதாகிய பகை இத்தகைய இடங்களில் வேறு வாய்க்காலில் திருப்பப்படுகின்றது என்று காட்டினர். பிறர்க்குக் கேடு வேண்டுதலைச் சைவநெறியினராகிய யாம் ஒப்போம். எனினும் ஒன்று சொல்லுதல் தகும்: அங்கு வருபவன் தன் வழக்கைத் தானே கொணர்கின்றான், தனக்குத் தீங்கிழைத்தவன் இன்னானென்று அறிந்து கொணர்கின்றான். முன்பின் அறியாதவன் கடையை எரிப்போனிடம் இவ்விரண்டும் இல்லை.

இனி வகுப்பறைக்கு வருவோம். மெய்ப்பொருள் நாயனார் சரித்திரத்தைப் படிப்பிக்கும் உபாத்தியாயர் பெரும்பாலும் முத்தநாதனது பொய்வேடத்தோடும் நாயனாரது திருநீற்றன்போடும் நின்றுவிடுகின்றனர். வழியில் நின்ற ஊரவரைப் பற்றி வினாவுவோர் அரியர். குத்துண்டு வீழ்ந்த அரசர், கொலைஞனை ஊர் சூழ்ந்துகொள்ளுமென்று அறிந்து, அவனை இடையூறின்றிக் கொண்டுபோய் விடும்படி தத்தனையே ஏவினார். வாளை உருவி நின்ற தத்தனினும் சினம் மிக்கார் அங்கே யார்? வெகுண்டு வளைந்த ஊரவர்க்கு அரசர் கட்டளையைக் கூறி, அவர்களை விலக்கிச் சென்றவனும் அவனே. கூட்டத்தினிடையே ஒருவன் நின்று பேசிய சொல், அக்கூட்டத்தை வழிவிடச் செய்தது. ஊரவர் யாது கேட்டனர், எதனால் விலகினர் என்னும் வினாக்களை மாணாக்கரிடம் விடுத்து, விடையை அவர்களே எழுதுமாறு செய்க.

மற்றொரு பயிற்சியும் உளது. கரும்பலகையில் ‘ஒருநாள் அழுவாய்’ என்று மாத்திரம் எழுதி, சொன்னவர் யார், கேட்டவர் யார், முன்னே யாது நிகழ்ந்தது என்று ஒவ்வொருவரையும் கற்பித்து எழுதச் செய்தல். யாம் இதனை எட்டாம் வகுப்பில் நடத்தியபோது, பிள்ளைகளுட் பெரும்பாலார் சண்டையையே எழுதினர். ஒருவன் பேரனுக்குப் பாட்டி கூறியதாக எழுதினான். ஒரு பெண்பிள்ளையோ, கலியாணப் பெண்ணைக் கேலி செய்யும் அவள் தங்கைக்கு, உன் முறை வரும்போது நீயும் அழுவாய் என்று அத்தை சொன்னதாக எழுதிவைத்தாள். வகுப்பு முழுதும் சிரித்தது. சிரிப்பு அடங்கிய பின்னர், சிலாபத்தில் 2019-இல் நிகழ்ந்ததை யாம் அவர்களுக்குக் கூறினோம்.