கடித்தது சிலந்திதானா?



நடுராத்திரியில் மனைவி எழுந்து, "ஏங்க, கையில என்னமோ கடிச்சாப்ல இருக்குங்க" என்கிறார். விளக்கைப் போட்டால் சுவரில் ஓர் எட்டுக்கால் பூச்சி. "அட, இதுதான் கடிச்சிருக்கும். சுண்ணாம்பு தடவிட்டுப் படு" என்று சொல்லிவிடுகிறீர்கள். சற்றுப் பொறுங்கள்! அதுதான் கடித்தது என்று எப்படித் தெரியும்?

கடிக்கும்போதே கண்ணால் பார்த்தால்தான் சிலந்தி என்று சொல்லலாம். வீட்டுச் சுவரில் ஓடும் பெரிய எட்டுக்கால் பூச்சியால் உயிருக்கு ஆபத்து இல்லை. கடிவாயைச் சோப்புப் போட்டுக் கழுவி, ஈரத்துணி வையுங்கள். வலி, வீக்கம் கூடினால் டாக்டரிடம் காட்டுங்கள்.

சிலந்தி நசுங்கிக் கிடந்தால் மூடி போட்ட சீசாவில் எடுத்து வாருங்கள். அல்லது கைபேசியில் படம் பிடியுங்கள். தேடிப் பிடிக்க நேரத்தைப் போக்காதீர்கள். சிலந்தியின் பெயரைவிட, உடம்பில் தெரியும் குறிகளே டாக்டருக்கு முக்கியம்.

கடித்தது தெரியவில்லையா? கட்டு விரியனாக இருக்கலாம்!

கட்டு விரியன், இரவில் தரையில் படுத்திருப்பவரைக் கடிக்கும். பெரும்பாலும் வலியோ வீக்கமோ இராது. பல் பட்ட இடம்கூடத் தெரியாமல் போகலாம். சில மணி நேரம் சென்றபின் இந்தக் குறிகள் தோன்றும்:

1. வயிற்றுவலி, வாந்தி
2. கண் இமை தானே மூடிக்கொள்ளுதல்
3. பேச்சுக் குழறல், எச்சில் விழுங்க முடியாமை
4. மூச்சுத் திணறல்

இவை வரட்டும் என்று காத்திருக்கக் கூடாது. இருட்டில் எது கடித்தாலும் உடனே அரசு மருத்துவமனைக்குப் புறப்படுங்கள். 108-க்குப் போன் செய்யுங்கள். கடிபட்டவரை நடக்க விடாதீர்கள். கை காலை அசைக்க விடாதீர்கள். கயிறு கட்டுவது, கீறுவது, வாயால் உறிஞ்சுவது கூடவே கூடாது. மந்திரிக்கப் போய் நேரத்தை இழக்காதீர்கள். கர்ப்பிணியாக இருந்தால் டாக்டரிடம் முதலிலேயே சொல்லுங்கள்.

மற்றொன்று: காய்ச்சலோடு உடம்பில் கருத்த பொருக்கு இருந்தால், "சிலந்திக் கடி" என்று விட்டுவிடாதீர்கள். அது உண்ணிக் காய்ச்சலாக இருக்கலாம். அதற்கு மருந்து உண்டு. காலத்தில் கொடுத்தால் குணமாகும்.

வருமுன் காப்போம்

கட்டிலில் படுங்கள். பாயில் படுத்தால் கொசுவலையைப் பாயின் அடியில் செருகுங்கள். போர்வையையும் குழந்தையின் தூளித் துணியையும் உதறிவிட்டுப் பயன்படுத்துங்கள். விறகு, வைக்கோலை வீட்டுச் சுவரை ஒட்டி அடுக்காதீர்கள். இரவில் வெளியே போனால் டார்ச் லைட் எடுத்துச் செல்லுங்கள்.

தெரியாத கடியா? தாமதம் வேண்டாம்!