வயிற்றுப் பூச்சி: நம்பிக்கைகளும் உண்மைகளும்

கல்வராயன் மலையின் வெள்ளிமலையானாலும் சரி, கோமுகி அணைக்குக் கீழே கரும்பு விளையும் கள்ளக்குறிச்சிச் சமவெளியானாலும் சரி, பிள்ளை மெலிந்தால் வீட்டுப் பெரியவர்கள் வயிற்றுப் பூச்சியைத்தான் முதலில் சந்தேகிப்பார்கள். சந்தேகம் நியாயமானதே. ஆனால் பூச்சி எப்படி வருகிறது, எப்படிப் போகும் என்பதில் தவறான எண்ணங்கள் பல உண்டு. அவை சிகிச்சையைத் தள்ளிப்போடுகின்றன.

நம்பிக்கை: இனிப்பு தின்றால் பூச்சி வரும்.

உண்மை: வெல்லமும் மிட்டாயும் பல்லைக் கெடுக்கும், புழுவை உண்டாக்காது. புழு உள்ளவர் வெளிக்குப் போன இடத்தில் முட்டைகள் மண்ணோடு கலக்கின்றன. உருண்டைப்புழுவின் முட்டை அழுக்குக் கை, கழுவாத காய்கறி வழியாக வாய்க்குள் போகிறது. கொக்கிப்புழுவுக்கு வாய் தேவையில்லை. ஈரமும் நிழலும் உள்ள மண்ணில் அதன் முட்டை ஓரிரு நாளில் பொரிக்கும். ஒரு வாரம், பத்து நாளில் இளம்புழு வெறுங்காலின் தோலைத் துளைக்கத் தயாராகிவிடும். பிறகு ரத்தத்தோடு நுரையீரலுக்குப் போய், தொண்டைக்கு ஏறி, எச்சிலோடு குடலுக்குள் இறங்கும். 1898இல் கெய்ரோவில் ஆர்தர் லூஸ் என்ற ஜெர்மானிய ஆய்வாளரின் கையில் இளம்புழுக்கள் கலந்த நீர் தவறிச் சிந்தியது. தோல் அரித்தது, பின்னர் அவர் மலத்தில் முட்டைகள் தென்பட்டன. தோல் வழியே புழு நுழையும் என்பது அப்படித்தான் தெரியவந்தது.

நம்பிக்கை: மலத்தில் புழு தெரியாவிட்டால் பூச்சி இல்லை.

உண்மை: கொக்கிப்புழுவின் நீளம் ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர். குடல் சுவரைக் கவ்வி, ரத்தம் குடித்தபடி ஆண்டுக்கணக்கில் உள்ளேயே இருக்கும். வெளியே வரும் முட்டைகள் நுண்ணோக்கியில்தான் தெரியும். ஓயாத களைப்பு, மேடேறினால் மூச்சிரைப்பு, வெளுத்த கீழிமை ஆகியவை ரத்தசோகையின் அடையாளங்கள். அவை தெரிந்தால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் ரத்தமும் மலமும் பரிசோதிக்கச் சொல்லுங்கள்.

நம்பிக்கை: முகத்தில் வெள்ளைத் தேமல் வந்தால் பூச்சிதான்.

உண்மை: தேமல் தோல் சம்பந்தப்பட்டது. பூச்சி மாத்திரையால் அது மறையாது.

நம்பிக்கை: விளக்கெண்ணெய் கொடுத்தால் பூச்சி போய்விடும்.

உண்மை: பேதியானாலும் குடலைக் கவ்விய புழு விடாது. சின்னப் பிள்ளையின் உடலில் நீர் வற்றுவதுதான் மிச்சம்.

நம்பிக்கை: பூச்சி பிள்ளைகளுக்கு மட்டுமே வரும்.

உண்மை: கொக்கிப்புழு பெரியவர்களிடம்தான் அதிகம். மரவள்ளிக் கொல்லையில் வெறுங்காலோடு களையெடுக்கும் பெண்ணுக்கு மாதவிடாயிலும் பேறுகாலத்திலும் ஏற்கெனவே ரத்தம் குறைகிறது. புழு அதை இன்னும் குறைக்கிறது. 2017இல் தொடங்கிய, வேலூர் சிஎம்சி மருத்துவமனை பங்கேற்ற ‘டிவார்ம்3’ ஆய்வில், வடக்கே ஜவ்வாது மலையிலும் திமிரியிலும் எல்லா வயதினருக்கும் மாத்திரை கொடுத்துப் பார்த்ததற்குக் காரணம் இருக்கிறது: பெரியவர்களை விட்டுவிட்டால் மண்ணில் முட்டை விழுவது நிற்காது.

நம்பிக்கை: மாத்திரை ஆபத்தானது, போட்டாலும் ஒருமுறை போதும்.

உண்மை: தேசியக் குடற்புழு நீக்க நாள் 2015 முதல் நடக்கிறது. 1 முதல் 19 வயது வரை அல்பெண்டசோல் தருகிறார்கள்: 1–2 வயதுக்கு 200 மி.கி., அதற்கு மேல் 400 மி.கி. சின்னப் பிள்ளைக்குப் பொடித்துத் தண்ணீரில் கலக்கிக் கொடுங்கள். சிலருக்கு லேசான வயிற்றுவலியோ குமட்டலோ வந்து அடங்கும். காய்ச்சலில் இருக்கும் பிள்ளைக்குக் குணமானபின் கொடுக்கலாம். கர்ப்பத்தின் முதல் மூன்று மாதம் கூடாது. மாத்திரை இன்று குடலில் உள்ள புழுவைக் கொல்லும்; நாளை நுழையப்போவதைத் தடுக்காது. ஆகவே காலில் செருப்பு, சோப்பு போட்டுக் கழுவிய கை, தண்ணீர் வரும் கழிப்பறை மூன்றும் வேண்டும். முதல் இரண்டும் நம் கையில் இருக்கின்றன. மூன்றாவதைக் கிராமசபையில் எழுந்து கேளுங்கள்; அது பிள்ளைகளின் ரத்தத்தைக் காக்கும் கோரிக்கை.