ஆய்வுகூடச் சாவி வாங்குகிறவர்களுக்கு

பொகவந்தலாவைப் பக்கம் இரசாயனவியல் படிப்பிக்க வந்திருக்கும் தம்பி தங்கச்சிமாருக்கு, இதே மலையில் அதே வேலையைச் செய்து ஓய்ந்தவன் எழுதுவது. பாடத்திட்டம் உங்களுக்கே தெரியும். அலுமாரியைப் பற்றித்தான் எனக்குச் சொல்ல இருக்கிறது.

1. சாவி கைக்கு வந்த அன்றே அலுமாரியைத் திறந்துவிடுங்கள். போத்தலைத் திறக்க வேண்டாம். சோடியம் எண்ணெய்க்குள் முழுகிக் கிடக்கிறதா, மூடியோரம் வெள்ளை பூத்திருக்கிறதா, லேபலில் திகதி உண்டா என்பதெல்லாம் வெளியில் நின்றே தெரியும். மண்ணெண்ணெய் வருஷக்கணக்கில் மெல்ல ஆவியாகி மட்டம் இறங்கும். லிதியத்துக்கு அடர்த்தி 0.53 தான், மண்ணெண்ணெயிலேயே மிதக்கும்.

2. பொட்டாசியத்தின் மேல் மஞ்சள் பொருக்கைக் கண்டால் கத்தியைக் கீழே வையுங்கள். சோடியத்தின் வெள்ளைத் தோல் அவ்வளவு பொல்லாதது இல்லை, வெட்டி ஒதுக்கலாம். மஞ்சள் தோல் சுப்பரொட்சைட்டு. கத்தி அதை உள்ளிருக்கும் உலோகத்தோடும் எண்ணெயோடும் சேர்த்து நசுக்கினால் வெடிக்கும். அந்தப் போத்தலை அசைக்காமல் வைத்துவிட்டு வலயக் கல்வி அலுவலகத்துக்கு எழுதுங்கள். பதில் வரத் தாமதமாகும். வரும்வரை அலுமாரியைப் பூட்டி வையுங்கள்.

3. சோடியத்தைச் சாவணத்தால் எடுத்து, வடிதாளில் எண்ணெயை ஒற்றி, மிளகளவு வெட்டுங்கள். வெட்டுமுகம் புதுச் சில்லறை மாதிரி மின்னும். ஆடி மாதத்து மூடுபனி ஜன்னல் வழியே உள்ளே வருகிற நாளில், பிள்ளைகளைக் கூப்பிட்டுக் காட்டுவதற்குள் அது சாம்பலாகிவிடும். அந்த மங்கலைக் காட்டுவதே பாதிப் பாடம். மிச்சத் துண்டை மறுபடி எண்ணெய்க்குள் போடும்வரை வேறு பேச்சு வேண்டாம். நான் ஒருமுறை பேசிக்கொண்டு நின்றேன். ஒரு பையன் நல்ல மனசோடு மேசையைத் துடைத்து, வடிதாளைத் துண்டோடு சுருட்டிக் கழுவுதொட்டியில் போட்டான். தொட்டி இரண்டாகப் பிளந்தது. பையனுக்குப் புருவ மயிர் மட்டும் போனது. பிழை அவனுடையதில்லை, என்னுடையது.

4. மணல் வாளியை வராந்தாவில் தொங்கவிடுவது இங்கே உதவாது. சாரலில் நனைந்த மணலைச் சோடியத் தீயில் கொட்டுவதும் தண்ணீரை ஊற்றுவதும் ஒன்றுதான். காய்ந்த மணலைப் பிஸ்கட் தகரத்தில் இறுக்கி மூடி உள்ளே வையுங்கள். காபனீரொட்சைட்டு அணைப்பானும் இந்தத் தீக்கு ஆகாது.

5. தாழ்த்தல் என்றால் இலத்திரனை ஏற்பது என்று கரும்பலகையில் எழுதினால் யாருக்கும் ஒட்டாது. செயின்ட் மேரிஸ் தேவாலயத்துக் கல்லறைத் தோட்டத்துக்குக் கூட்டிப்போங்கள். 1879இல் இறந்த ஜூலியா மார்கரெட் கேமரன் அங்கே கிடக்கிறார். கண்ணாடித் தட்டில் பூசிய வெள்ளியுப்பை வெள்ளியாகத் தாழ்த்தித்தான் அந்த அம்மா படம் பிடித்தார்.

அதைவிட நம்மோடு நெருங்கியது சிங்கோனா. 1861இல் ஹக்கலைத் தோட்டம் தொடங்கியதே இந்த மரத்துக்காகத்தான். 1869இல் கோப்பிக்கு இலைத்துரு வந்த பிறகு, தேயிலை நிலைக்கும்வரை தொரைமார் பலர் சிங்கோனாவைத்தான் நம்பினார்கள். 1880களில் இங்கிருந்து பட்டை மலையாகக் குவிந்து விலை விழுந்தது. கொய்னாச் சத்து கூடிய மரம் ஜாவாக்காரனிடம் இருந்தது. பட்டை உரித்தவர்கள் யார் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அந்தப் பட்டையிலுள்ள அல்கலொயிட்தான் கொய்னா என்கிற குயினைன். 1820இல் பெல்த்தியேவும் கவாந்தூவும் பிரித்தெடுத்தது.

1918இல் இரசாயனவியலாளர்கள் பவுல் ராபேயும் கார்ல் கிண்ட்லரும் குயினோடொக்சின் என்ற சேர்வையிலிருந்து குயினைனை மீட்டதாகச் சிறு குறிப்பொன்று எழுதினார்கள். கடைசிப் படியில் தாழ்த்தியது அலுமினியத் தூள். 1944இல் வுட்வார்டும் டோரிங்கும் குயினைனைச் செயற்கையாக ஆக்கும் வழியில் குயினோடொக்சின்வரை செய்துவிட்டு, மிச்சத்தை அந்தக் குறிப்பின் மேல் வைத்தார்கள். அது உண்மையில் நடக்குமா என்று 2001இல் கில்பர்ட் ஸ்டோர்க் உரத்துக் கேட்டார். 2008இல் வில்லியம்ஸும் ஸ்மித்தும் செய்து பார்த்தபோது புதிய அலுமினியம் சரியாக வேலை செய்யவில்லை. காற்றுப்பட்டுப் பழசான தூளில் குயினைன் வந்தது. ராபே பொய் சொல்லவில்லை. தன் தூள் எந்த நிலையில் இருந்தது என்று எழுதாமல் விட்டார், அவ்வளவுதான். அதற்காகத் தொண்ணூறு வருஷம்!

ஆகவே திறந்த திகதியைப் போத்தலில் எழுதுங்கள். மார்க்கர் மை ஈரத்தில் போய்விடும். பென்சிலால் எழுதிச் செலோடேப் ஒட்டுங்கள்.

6. அலுமினியத் தூளைச் சாதுவென்று நினைக்க வேண்டாம். நுண்ணிய தூள் காற்றில் பறந்தால் ஒரு பொறி போதும். ஊதாதீர்கள், தூரிகையால் தட்டாதீர்கள்.

7. பிள்ளைகளுக்கு அல்கலொயிட்டைக் கண்ணால் காட்ட உலோகம் எதற்கு? டஸ்ட் தேயிலையை நன்றாகக் காயவைத்து, முகவையில் மெல்லச் சூடாக்கி, மேலே குளிர்ந்த கடிகாரக் கண்ணாடியை வையுங்கள். கருகவிடாமல் பொறுமையாக இருந்தால் வெள்ளை ஊசிகள் படியும். கஃபீன். ஒரு வருஷம் முன்வரிசையில் இருந்த பிள்ளையொன்று அதைப் பார்த்துவிட்டு, “சேர், இதையா எங்கம்மா கூடை கூடையா பறிக்கிறாங்க?” என்று கேட்டது.