மாணவர் எழுதும் ஊர்ச் செய்தி



தேர்வுத்தாளில் 'நான் விரும்பும் தலைவர்' என்னும் தலைப்பைக் கண்டால் நம் பிள்ளைகள் மூன்று பக்கம் எழுதிவிடுகின்றனர். 'உன் பாட்டனார் ஊரில் பொதுக்கிணறு வெட்டியவர் யார்?' என்று வினவினால் எழுதுகோல் நின்றுவிடுகிறது. முன்னதற்கு விடை நூலில் உள்ளது. பின்னதற்கோ விடை, ஒரு முதியவரின் நினைவில் மட்டுமே உள்ளது. அவரை நாடிச் சென்று, கேட்டு, சரிபார்த்து, பிறர் படித்துப் பயன்கொள்ளுமாறு எழுதுதலே இதழியலின் முதற்பாடம். அதனை மாணவப் பருவத்திலேயே பயில்வதற்கான வாய்ப்புகளையும் முறையையும் இங்குக் காண்போம்.

வாய்ப்புகள்

தமிழ்நாட்டுப் பள்ளிக் கல்வித் துறை 2022ஆம் ஆண்டில் மாணவர்களுக்கென்றே இரண்டு இதழ்களைத் தொடங்கியது. 4, 5ஆம் வகுப்பினர்க்கு 'ஊஞ்சல்'. 6 முதல் 9 வரையிலான வகுப்பினர்க்கு 'தேன்சிட்டு'. மாணவர்தம் படைப்புகளுக்கும் இவற்றில் இடம் அளிக்கப்பட்டது. கல்லூரி மாணவர்களைத் தேர்ந்தெடுத்து, படிக்கும் காலத்திலேயே செய்தி திரட்டப் பயிற்றும் மாணவப் பத்திரிகையாளர் திட்டத்தை விகடன் நிறுவனம் பல்லாண்டுகள் நடத்தி வந்துள்ளது. இன்று பெயர்பெற்று விளங்கும் இதழாளர் பலர் அப்பயிற்சியில் உருவானவர்களே.

மூன்றாவதொரு வாய்ப்பும் உண்டு. சென்னையில் பிறந்த பத்திரிகையாளர் பி. சாய்நாத் 2014ஆம் ஆண்டு டிசம்பரில் தொடங்கிய, 'பாரி' என்று சுருக்கமாக அழைக்கப்பெறும் கிராமப்புற இந்தியாவின் மக்கள் ஆவணக் காப்பகமே அது. எளிய மக்களின் அன்றாட வாழ்வை எழுத்திலும் படத்திலும் பதிவு செய்து, தமிழ் உள்ளிட்ட பல இந்திய மொழிகளில் இணையத்தின் வழியே வெளியிடுகிறது. அதன் கல்விப் பிரிவு, பள்ளி, கல்லூரி மாணவர்கள் தாமே சென்று கண்டெழுதியவற்றை வெளியிட்டு வருகிறது.

சிறு செய்தியின் பெருமை

'எங்கள் ஊரில் எழுதுவதற்கு என்ன இருக்கிறது?' என்று பிள்ளைகள் கேட்பர். 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் நடைபெற்றபோது, கிராமத்துப் பெண்கள் எழுத்தறிவோடு மிதிவண்டி ஓட்டவும் கற்றனர். கேலி செய்தோர் பலர். ஆயினும் தண்ணீர் கொணரவும், விளைபொருளை விற்கவும், வேலைக்குச் செல்லவும் பிறர் துணையை எதிர்பாராத நிலையை அவ்வண்டி அவர்களுக்குத் தந்தது. சாய்நாத் அப்பெண்களிடம் நேரிற் சென்று கேட்டு எழுதினார். 1996ஆம் ஆண்டு வெளிவந்த அவரது நூலிலும் அச்செய்தி இடம்பெற்றது. மிதிவண்டி எல்லா ஊரிலும் உண்டு. அதனால் ஒருத்தியின் வாழ்வு எவ்வாறு மாறிற்று என்று கேட்டவரே அரியர்.

பாரியின் ஒளிப்படக் கலைஞர் எம். பழனி குமார், மதுரை மாவட்டத்துச் சிற்றூரில் பிறந்தவர். மீன் விற்றுத் தம்மை வளர்த்த அன்னையாரின் உழைப்பையே படங்களாகவும் கட்டுரையாகவும் ஆக்கினார். பொருளைத் தேடித் தொலைதூரம் செல்ல வேண்டுவதில்லை என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

நாம் பிழைத்த இடம்

இவ்விடத்தில் நமது தவறு ஒன்றைச் சொல்லியாக வேண்டும். வந்தவாசிப் பகுதியில் நாம் பணியாற்றிய காலத்தில், மாணவர்களைக் கொண்டு ஒரு கையெழுத்து இதழ் நடத்தினோம். எட்டாம் வகுப்பு மாணவன் ஒருவன், கோரைப்பாய் நெய்யும் அம்மையார் ஒருவரைக் கண்டு அருமையான கட்டுரை எழுதிவந்தான். கோரையைக் கிழித்துக் காயவைப்பது முதல் சாயமேற்றி நெய்வது வரை எல்லாம் அதில் இருந்தன. அவர் பட்டிருந்த கடனும் இருந்தது. நாம் சந்திப்பிழைகளைத் திருத்தி, அறிவிப்புப் பலகையில் ஒட்டச் செய்தோம். அவருடைய மகள் அதே பள்ளியில் ஆறாம் வகுப்பில் பயின்றாள். அப்பெண் நான்கு நாள் பள்ளிக்கு வரவில்லை.

மாணவனையும் அழைத்துக்கொண்டு அவர் வீட்டிற்குச் சென்றோம். அவர் சினக்கவில்லை. "பையன் பொய் ஒண்ணும் எழுதலை டீச்சரம்மா. ஆனா, இதை எழுதட்டுமான்னு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்" என்றார். ஆசிரியப் பயிற்சியில் நாம் கல்லாத பாடத்தை அன்று கற்றோம். ஒற்றுப்பிழையைக் கண்ட நம் கண்ணுக்கு அப்பிழை புலப்படவில்லை. வாய்மைக்கு வள்ளுவர் வகுத்த இலக்கணமே பிறர்க்குத் தீங்கின்மை அன்றோ? குறளை வகுப்பில் நடத்தினோம். பலகையில் ஒட்டும்போது மறந்தோம்.

எழுதும் முறை

1. ஒரே ஒரு மனிதரை அல்லது ஒரே ஒரு பொருளை எடுத்துக்கொள்க. 'எங்கள் ஊர்' என்பது பெருந்தலைப்பு. 'எங்கள் ஊரில் பூட்டிக் கிடக்கும் வீடுகள்' என்பது எழுதத் தக்கது.

2. செல்வதற்கு முன் பத்து வினாக்களை எழுதிக்கொள்க. 'ஆம்', 'இல்லை' என்று முடியும் வினாக்களை விலக்குக. 'அப்பொழுது என்ன செய்தீர்கள்?' என்பது நல்ல வினா.

3. பெயர், வயது, ஆண்டு, அளவு ஆகியவற்றை அவர் முன்னிலையிலேயே திரும்பப் படித்துக் காட்டுக. ஒருவர் கூறியதை மற்றொருவரிடமோ, பழைய பத்திரம், கல்வெட்டு, ஒளிப்படம் ஆகியவற்றிலோ ஒப்புநோக்குக.

4. அவர் சொன்னதையும் நீ கண்டதையும் நீ எண்ணியதையும் தனித்தனியே பிரித்து எழுதுக. மூன்றும் கலந்தால் செய்தி கெடும்.

5. அச்சுக்கு அனுப்புமுன் உரியவரிடம் காட்டி இசைவு பெறுக. கடன், நோய், குடும்பப் பிணக்கு ஆகியவற்றை அவர் நீக்கச் சொன்னால் நீக்குக.

பயிற்சி

வரும் விடுமுறையில் பாட்டனார் ஊருக்குச் செல்லும் மாணவர்கள் கீழ்க்காண்பவற்றுள் ஒன்றைத் தேர்ந்து, இரண்டு பக்க அளவில் எழுதுக.

(அ) ஊர் ஜினாலயத்தில் பூசை செய்யும் உபாத்தியாயரின் ஒரு நாள்.
(ஆ) மணிலாக் கொட்டை அறுவடையில் உன் பாட்டியாரின் பங்கு அன்றும் இன்றும்.
(இ) வீட்டுப் பரணில் ஓலைச்சுவடி இருப்பின், அது யாருடையது, எவ்வாறு வந்தது?
(ஈ) பொழுது சாயுமுன் உண்ணும் வழக்கத்தை, வெளியூர் விடுதியில் தங்கிப் படிக்கும் உன் அண்ணனோ அக்காளோ எவ்வாறு காக்கின்றனர்?

பெற்றோர்க்கு ஒரு வேண்டுகோள்: பிள்ளைக்காக நீங்கள் எழுதித் தர வேண்டா, முதியவரிடம் அழைத்துச் செல்லுங்கள், அது போதும். நம் இதழின் ஆசிரியர் குழுவினரும் ஒவ்வோர் இதழிலும் மாணவர்க்கென இரண்டு பக்கம் ஒதுக்க வேண்டுகிறோம். வந்த கட்டுரைகளைப் படித்துத் திருத்தித் தரும் பணியை நாம் மகிழ்வுடன் ஏற்போம். கண்பார்வை சற்றே மங்கியுள்ளது. பிள்ளைகள் சற்றுப் பெரிய எழுத்தில் எழுதுக.

கிணறு வெட்டியவரின் பெயரை அறிந்தவர் இன்று ஊருக்கு ஒருவரோ இருவரோ உளர். அடுத்த விடுமுறை வரை காத்திராமல், இவ்விடுமுறையிலேயே கேட்டு எழுதுவோமாக.