புதுப்பேட்டையில் வைப்பர் மோட்டார் பேரம்

ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்டுக்கு முறுக்குவிசை அதிகமுள்ள 12 வோல்ட் மோட்டார் வேணுமா? பிரிச்ச கார்ல இருந்து வர்ற வைப்பர் மோட்டார் பாருங்க. உள்ளேயே வார்ம் கியர் இருக்கும். பெரும்பாலும் மூணு பிரஷ், அதனால ரெண்டு ஸ்பீடு. சென்னையில இதுக்கு இடம் புதுப்பேட்டை.

போனதும் "எவ்ளோ அண்ணா?" என்று கேட்காதீர்கள். அதே மோட்டார் புதுசு என்ன விலை, பழைய இரும்புக்கு எடை போட்டா என்ன கிடைக்கும், இந்த ரெண்டும் முதல்ல தெரியணும். எடை விலைக்குக் கீழே கடைக்காரர் இறங்க மாட்டார். புது விலைக்குப் பக்கத்துல நாம போகக் கூடாது. பேரம் இந்த இடைவெளிக்குள்தான். சும்மா "பாதிக்குத் தாங்க"ன்னு ஆரம்பிச்சா நமக்கு எதுவும் தெரியாதுன்னு அவருக்குப் புரிஞ்சிடும்.

பேசிக் குறைக்கிறதைவிட டெஸ்ட் பண்ணிக் குறைக்கிறது ஈஸி. 12 வோல்ட் பேட்டரியும் ரெண்டு வயரும் பையில் இருக்கட்டும். நிறைய மாடல்ல மோட்டார் பாடியே நெகட்டிவ். ரெண்டு ஸ்பீடுலயும் ஓட்டிப் பாருங்க. ஒரு ஸ்பீடு மட்டும் வரலைன்னா அந்த பிரஷ் தேஞ்சிருக்கலாம். ஷாஃப்ட்டைப் பிடிச்சு ஆட்டுங்க. லொடலொடன்னு ஆடினா புஷ் போயிருக்கும். "அண்ணா, ஃபாஸ்ட் வரல. எங்களுக்கு ஸ்லோ போதும், அதுக்கேத்த மாதிரி சொல்லுங்க." இப்படிக் கேட்டா விலை நகரும்.

ரெண்டு பேர் போனா போதும். கழுத்துல ஐடி கார்டு வேண்டாம். நாளைக்கு ரிவ்யூன்னு மட்டும் வாயைத் திறந்துடாதீங்க! கனெக்டரை வெட்டாம வயரோட வாங்குங்க. ஓடலைன்னா எத்தனை நாளுக்குள்ள மாத்தித் தருவார்னு கேட்டு, பில்லிலேயே எழுதி வாங்கிட்டுக் காசைக் கொடுங்க.